இரண்டு பெல்ஜியர்கள், ஒரு பண்ணைவீடு, வாயைத் திறக்காத நான்

ஸ்கிப்டன்,
புதன்கிழமை, வேலைக்குக் கிளம்பும் முன்

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த மைத்துனர் ஹெட்லி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் நார்மன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மேவிஸும் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் ஆடுகளும், போன குளிர்காலக் காற்றில் பாதி பறந்துபோனதாகக் கேள்விப்பட்ட தங்கள் கொட்டகைக் கூரையின் மீதிப் பாதியும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆர்க்னித் தீவில் காற்று எப்படி என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். இங்கே மழை. தங்கள் மூட்டுவலிக்கு மேவிஸ் தனியாக ஒரு களிம்பு அனுப்புகிறாள். நலம் விசாரிப்பு இத்துடன் நிறைவு பெற்றது.

மைத்துனரே, பயணப் பையைப் பரண்மேலிருந்து இறக்குங்கள். தாங்கள் படகேற வேண்டிய நாள் வந்துவிட்டது.

என்ன படகு, எதற்குப் படகு என்று தாங்கள் கேட்கக்கூடும். இத்தனை வருஷம் ஆடுகளோடு இருந்ததில் சில விஷயங்கள் தங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. தாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வடக்கே போன அன்று, லாரியில் கடைசிப் பெட்டியும் ஏறிய பிறகு, எங்கள் வாசலில் நின்று, மேவிஸ் சாட்சியாகத் தாங்கள் திருவாய் மலர்ந்தது இது: "நார்மன், உன்னை முன்னப்பின்ன பார்க்காத ரெண்டு பேரு, நீ வாயைத் திறக்காம, உன் புத்தகத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு ஆட்டத்தை முழுசா ஆடி முடிக்கட்டும். அன்னைக்கு நான் படகேறி வந்து உன் எதிர் நாற்காலியில உக்காந்து தோத்துட்டுப் போறேன்." சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டீர்கள். அதன் பிறகு நாம் ஒரு மேஜையில் உட்காரவே இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட 'மேவிஸுக்கு' என்று பெரிதாகவும் 'நார்மனுக்கும்' என்று எறும்பு அளவிலும்தான் எழுதுகிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. எறும்பைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்களுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும் என்ற அனுமானத்தில் முதலிலிருந்து சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை, சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில், பச்சைத் துணி விரித்த மேஜைமேல், கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் எங்கள் கிளப் இன்னும் உயிரோடு இருக்கிறது. தலைவி பெரில்தான், இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றிக்கொண்டாள், குரல் மட்டும் பழையது. மற்றவர்கள் கடையில் அச்சடித்து விற்கும் விதிகளை வைத்து ஆடுகிறார்கள். நான் என் சொந்த விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'தலையைக் குனி' என்பது புத்தகத்தின் பெயர். ஒரு தரப்புக்கு எட்டுப் பேர், ஒரு பண்ணைவீடு, நாலு கற்சுவர். யார் வீட்டைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மற்ற விதிகளில் குண்டு பட்டால் ஆள் செத்தான், மேஜையிலிருந்து எடுத்தாயிற்று, அடுத்தவன் வா என்று போகும். என் கொள்கை வேறு. காலாட்படைச் சண்டையில் பத்துக்கு ஒன்பது குண்டு யாரையும் கொல்வதில்லை, குனிய வைக்கிறது. ஆகவே என் விதிப்படி, குண்டு காதோரம் போனால் சிப்பாய் பக்கத்தில் ஒரு காய்ந்த பட்டாணியை வைக்க வேண்டும். அது அவன் பயம். மூன்று பட்டாணி சேர்ந்தால் அவன் படுத்துவிடுவான். எழவும் மாட்டான், சுடவும் மாட்டான். குழுத்தலைவன் கார்ப்பரல் தவழ்ந்து பக்கத்தில் போய் நாலு திட்டுத் திட்டினால்தான் பட்டாணி ஒவ்வொன்றாகக் குறையும். இது அழகாயில்லையா? அழகுதான் என்று தாங்களே ஒரு முறை, மூன்றாவது பியர் குடிக்கும்போது, ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் அடுத்த வாயிலேயே என்ன சொன்னீர்கள்? "பட்டாணி எல்லாம் சரி மச்சான், துப்பாக்கியோட கை நீளம். பாதியா வெட்டு." என் விதியில் ஆள் ஒரு நடைக்கு ஆறு, துப்பாக்கி எட்டும் தூரம் இருபத்து நான்கு. ஆறும் இருபத்து நான்கும் நான் கனவில் கண்ட எண்கள் அல்ல. நிஜத் துப்பாக்கி நம் வீட்டு வாசலில் சுட்டால் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிப் போகும், அதையே நான் ரொம்ப இரக்கப்பட்டுக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று எடுத்துச் சொன்னேன். தாங்கள் "இது மேஜை நார்மன், பிரான்ஸ் போர்க்களம் இல்ல" என்றீர்கள். நான் ஏதோ சொன்னேன், தாங்கள் ஏதோ சொன்னீர்கள், மேவிஸ் இரண்டு பேரையும் தோட்டத்துக்குப் போய்க் கத்தச் சொன்னாள். அதில் ஆரம்பித்த மனக்கசப்புதான் லாரி வரைக்கும் வந்தது.

தாங்கள் போன பிறகு நான் என்ன பாடு பட்டேன் என்று தங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். முதல் சோதனைக்குக் கிளப் ஆட்கள் இருவர் உட்கார்ந்தார்கள். டீ வந்து ஆறுவதற்குள் பதினாறு சிப்பாய்களுக்கும் மூன்று மூன்று பட்டாணி சேர்ந்துவிட்டது. எல்லாரும் படுத்துவிட்டார்கள். திட்டி எழுப்ப வேண்டிய கார்ப்பரல்களும் படுத்துவிட்டார்கள். இரண்டு சேனையும் புல்லில் மூஞ்சியைப் புதைத்துக் கிடக்க, எழுப்ப ஆளில்லை. யாராலும் கொண்டுவர முடியாத சமாதானத்தை என் ஏழாம் அத்தியாயத்துப் பட்டாணி கொண்டுவந்துவிட்டது. ஆடியவர்கள் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போய்விட்டார்கள். சரி, மறைவு போதவில்லை என்று நினைத்து, சுவர்களுக்குத் தனி அத்தியாயம் எழுதினேன், வேலிக்கு ஒன்று, வைக்கோல் போருக்கு ஒன்று, ஈர வைக்கோலுக்கு ஒரு பத்தி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தவனைக் கோழி காட்டிக்கொடுக்குமா என்பதற்குப் பகடையோடு ஒரு விதி. மேவிஸ் எட்டிப் பார்த்து, "கோழிக்கு யாரு பட்டாணி வைப்பாங்க, அது தின்னுடுமே" என்றாள். அதற்கும் ஒரு அடிக்குறிப்பு சேர்த்தேன்.

இரண்டாவது சோதனைக்கு நூலகத்திலிருந்து புதிதாக ஒரு தம்பதி. இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மச்சான். விதி எழுதினவன் சோதனையில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் தர்மம். நாளைக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எவனோ எங்கேயோ ஆடும்போது நான் அவன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்க முடியாது இல்லையா. எனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. என் வேலையே அதுதான். டிரைவிங் லைசென்ஸ் தேர்வு எடுக்கிறவன் நான். பக்கத்து சீட்டில் ஒருத்தன் நடைபாதைமேல் வண்டியை ஏற்றும்போதும், ரவுண்டானாவைத் தலைகீழாகச் சுற்றும்போதும், முகத்தில் ஒரு ரேகை அசையாமல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வெளியே வானத்தைப் பார்க்கிறவன். ஆனால் வண்டி வேறு, என் சிப்பாய்கள் வேறு. அந்த நூலக மனுஷன் தன் கார்ப்பரலைத் திறந்த வெளியில் நிற்க வைத்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் கார்ப்பரலைப் பின்னால் எடுத்தார். எனக்கு இருமல் நின்றது. அவர் மனைவி கெட்டிக்காரி, அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் புத்தகத்தைத் தொடவே இல்லை. சிப்பாயைத் தூக்கி ஒரு இடத்தில் வைப்பது, என் கழுத்தைப் பார்ப்பது, இருமினால் வேறு இடம். முடிந்ததும் பெரில் வந்து என் தோளில் கை வைத்து, "நார்மன், ஆடினது அவங்க இல்ல. உன் தொண்டை" என்றாள்.

மூன்றாவது தடவை என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். அதுவும் உருப்படவில்லை. கையெறி குண்டு எங்கே விழும் என்று ஆடியவர்கள் குழம்பியபோது என் காதுமடல் சிவந்ததாம், தோள் ஏறி இறங்கியதாம். கடைசியில் நானே எழுந்து போய்க் குண்டை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன் என்று பெரில் சாதிக்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். வசந்தகாலக் கண்காட்சியில் கிளப்பின் மேஜைக்கு என்ன ஆட்டம் என்று இனிமேலும் தள்ளிப்போட முடியாது; இன்னும் ஒரே ஒரு சோதனை; அதுவும் தேறாவிட்டால் கடை விதிதான். தேறாவிட்டால் தாங்களும் படகேறப் போவதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கும் விஷயம்.

இப்போது பெல்ஜியர்கள் வருகிறார்கள், கவனமாகப் படி. பெரில் தன் வீட்டு மாடியறையை மலை ஏற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள், தெரியுமல்லவா. போன வாரத்திலிருந்து அங்கே லீவன் என்று ஒருவர், அவர் மனைவி க்ரீட். அவர் மாடிப்படி செய்கிற தச்சர், அந்த அம்மாள் பல் டாக்டர். சிப்பாய் பொம்மையைச் சின்ன வயசில் பார்த்ததோடு சரி. மழையில் மலையும் ஏற முடியாமல், பெரிலின் பூனையையும் பார்த்து அலுத்து, நேற்று செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்வது என்று கேட்டார்களாம். பெரில் அப்படியே அமுக்கிவிட்டாள். என் முகம் அவர்களுக்குத் தெரியாது, என் இருமல் தெரியாது. நான் அவர்கள் கண்ணில் படவே கூடாது என்று, அவர்கள் வருவதற்கு முன்பே என்னைக் கூடத்துச் சமையலறையில் தள்ளி, டீ நீட்டுகிற சின்ன ஜன்னலின் பலகையை இழுத்து மூடி, காவலுக்கு உன் தங்கச்சியையும் உள்ளே வைத்துவிட்டு, தான் வெளியே மேஜைப் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள். நானும், மேவிஸும், டீ பாய்லரும். பலகைக்கு அந்தப் பக்கம் என் ஜென்மத்து உழைப்பு.

மச்சான், பார்க்காமல் கேட்கிறதென்பது ஒரு தனி நரகம். முதலில் பக்கம் புரளும் சத்தம். அது ஓயவே இல்லை. மேவிஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "புத்தகம் என்ன அவ்வளவு குண்டா இருக்கு" என்றாள். அப்புறம் டக், டக், டக் என்று ஒரு மரச்சத்தம். ஏதோ மடக்கி விரிக்கிற அளவுகோல் போல. தச்சர் கையல்லவா, ஒவ்வொரு நடையையும் எவ்வளவு பதவிசாக அளக்கிறார் என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கிளப் ஆட்கள் குத்துமதிப்பாக டேப்பை வீசுவார்கள், நீ உட்பட. சுடும் சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன், பகடை உருளவே இல்லை. க்ரீட் குரல் மட்டும், பக்கத்தில் இருந்த பெரிலுக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில், கேட்டது: "இன்னும் எட்டல. சுவர் வரைக்கும் தவழ்ந்துதான் போகணும்." அவர், "நானும்தான். எனக்கு உன்னைத் தெரியுது, ஆனா எட்டல" என்கிறார். கேட்டாயா, ஹெட்லி? யாரும் கண்மூடித்தனமாகச் சுடவில்லை. யாரும் ஓடவில்லை. சுவர் சுவராகப் பதுங்கி, ஒருவரை ஒருவர் நெருங்குகிறார்கள். நான் வருஷக்கணக்காக எழுதி எழுதி அடித்த காட்சி அது. என் விதியில் காலாட்படை முதல் முறையாகக் காலாட்படையாக நடக்கிறது. ஈர வைக்கோல் பத்தி எழுதியது வீண் போகவில்லை என்று மேவிஸிடம் சொன்னேன், அவள் அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. தவழ்ந்துகொண்டே சுவருக்கு மேலே எட்டிச் சுடலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அவர் முடியும் என்கிறார், அந்த அம்மாள் தவழ்கிறவனுக்குச் சுவர் தெரியுமே தவிரச் சுவருக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்கிறாள். பதில் நாற்பத்தோராம் பக்கத்தில் கீழ்ப்பாதியில் இருக்கிறது. எனக்கு இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. ஜன்னல் பலகையில் கை வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மேவிஸ் ஒரு முழு வெண்ணெய் ரொட்டியை என் வாயில் திணித்து, மோவாயைப் பிடித்து மூடிவிட்டாள். "மென்னு. முழுங்கு. மூச்சு விட்ட, கொன்னுடுவேன்," என்றாள் காதோடு. அப்படி நான் கண்ணில் தண்ணீரோடு மென்றுகொண்டிருக்கும்போது, பலகைக்கு அந்தப் புறம் தாள் புரண்டது, நின்றது, அந்த அம்மாள் நிறுத்தி நிதானமாக என் வாக்கியத்தைப் படித்தாள்: தவழ்கிறவன் சுவருக்கு மேல் சுட வேண்டுமானால் முதலில் மண்டியிட வேண்டும். "பாத்தியா," என்றாள் புருஷனிடம். அவரும் சரி என்றுவிட்டார். அவர்களே தேடினார்கள், அவர்களே கண்டுபிடித்தார்கள், அவர்களே ஒத்துக்கொண்டார்கள். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். லைசென்ஸ் தேறிய பிள்ளைகள் ஏன் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது, போதுகிற வரை சொல்கிறேன். முற்றத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. பகடை உருளுகிறது, பட்டாணி கிண்ணத்திலிருந்து அள்ளும் சத்தம் கேட்கிறது, சிரிப்பு, அவர்கள் பாஷையில் திட்டு, மறுபடி சிரிப்பு. மேவிஸ் இரண்டு தடவை டீயைச் சுட வைத்துவிட்டாள், அவர்கள் டீ கேட்கவே இல்லை. கடைசியில், அவர்கள் பேச்சை வைத்துச் சொல்கிறேன், க்ரீட்டின் ஆட்கள் மூன்று பேர் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் தலை நிறைய பட்டாணியோடு மாட்டிக்கொண்டார்கள். அவளுடைய கார்ப்பரல் மட்டும் பாக்கி. அவன் திறந்த முற்றத்தில் தவழ்ந்து அவர்களிடம் போக வேண்டும். லீவன் சுடுகிறார், பகடை உருளுகிறது, ஒரு பட்டாணி. இன்னும் ஒரு நடை தவழ்கிறான், மறுபடி பகடை, இரண்டாவது பட்டாணி. இன்னொன்று விழுந்தால் அவனும் படுத்துவிடுவான், ஆட்டம் முடிந்தது. பக்கத்து மேஜைகளில் வேறு வேறு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நானும் மேவிஸும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கல்யாணத்தன்றுகூட அவள் என் கையை இப்படி நசுக்கவில்லை. பகடை உருண்டது. தப்பினான். போய்ச் சேர்ந்தான். அந்த அம்மாள் பல் டாக்டர் தொழிலில் உபயோகிக்க முடியாத ஒரு குரலில் தன் மூன்று சிப்பாய்களையும் திட்டினாள்; பட்டாணி ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது; மூவரும் எழுந்தார்கள், ஓடினார்கள், வீட்டுக் கதவு அவர்களுடையது. கூடத்தில் கைதட்டல்.

பெரில் பலகையை இழுத்துத் திறந்தாள். "முடிஞ்சுது நார்மன். வெளிய வரலாம்," என்றாள். நான் வெளியே போனேன். அழுதேனா என்று நீ கேட்பாய். அழுதேன். பாத்திரம் துடைக்கிற துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன், மறைக்கவில்லை. லீவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "என் வாழ்நாள்ல ஒரு கட்டைவிரல் உயர மனுஷனுக்காக இப்படிப் பயந்ததில்ல. இத எழுதினது நீங்களா?" என்றார். க்ரீட் கிளம்புவதற்கு முன் இன்னொரு ஆட்டம் வேண்டுமென்று கேட்டாள், இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தனக்கு வேண்டுமாம். பெரில் அங்கேயே, எல்லார் முன்னாலும், கண்காட்சிக்கு 'தலையைக் குனி' என்று அறிவித்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் மழையில் மேவிஸ் என் கையைக் கோத்துக்கொண்டு வந்தாள், குடையை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்பதையே வீடு வந்துதான் கவனித்தோம்.

ஆகவே, ஹெட்லி. 'உன்னை முன்னப்பின்ன பார்க்காத' என்று நீ சொன்னாய், பார்க்கவில்லை. ரெண்டு பேரு என்றாய், இரண்டு பேர். வாயைத் திறக்காம என்றாய், திறந்த வாயில் ரொட்டி இருந்தது. முழுசா முடிக்கட்டும் என்றாய், முடித்தார்கள், இன்னொன்றும் கேட்டார்கள். துப்பாக்கியின் கை நீளம் என்றாயே, அந்தக் கையை நான் ஒரு நூல்கூட வெட்டவில்லை. அதே ஆறு, அதே இருபத்து நான்கு. மேஜை பிரான்ஸ் ஆனது. தோற்றுப் போகிறவனுக்கென்று ஒரு நாற்காலி தயார், ஜன்னல் பக்கம், காற்று வரும், மெத்தை வைத்திருக்கிறேன். கோபம் ஒன்றுமில்லை. மனசு நிறைந்து கிடக்கிறது. ஊரில் எதிரில் உட்கார நூறு பேர் இருக்கிறார்கள், ஆனால் தோற்கும்போது உன்னை மாதிரி முகத்தைக் கோணுகிறவன் ஒருத்தன்கூடக் கிடையாது. வா.

ஆடுகளுக்கு என் ஆசிகள். கூரையின் மீதிப் பாதிக்கு நீண்ட ஆயுள். தங்கள் அண்டை வீட்டாரில் என்னை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு வணக்கமும், ஞாபகம் இல்லாதவர்களுக்கு இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டும்படி வேண்டுகோளும்.

இப்படிக்கு,
வெற்றி கண்ட மைத்துனன்,
நார்மன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. நேற்று காலை அவசரத்தில் தபாலில் போட மறந்துவிட்டேன். போட்டிருக்கலாம்.

வேலை முடிந்து வந்து, அந்தச் சுகத்தை இன்னொரு தடவை அனுபவிக்கலாம் என்று சாப்பாட்டு மேஜையில் அதே பண்ணைவீடு, அதே சுவர், அதே மாட்டுத் தொட்டியெல்லாம் வைத்து நானே இரண்டு பக்கமும் ஆடினேன். முதல் சுற்றிலேயே எல்லாரும் எல்லாரையும் சுட்டார்கள். இரண்டாவது சுற்றில் பதினாறு பேரும் படுத்துவிட்டார்கள். மறுபடி சமாதானம். பகடையை மாற்றிப் பார்த்தேன், பட்டாணியை மாற்றிப் பார்த்தேன். அப்போது மேவிஸ் கிளப் கூடத்திலிருந்து கொண்டுவந்த மேஜைத்துணி மூட்டையைப் பிரித்துத் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு மஞ்சள் மர அளவுகோல் விழுந்தது, மடக்குகிற வகை. லீவன் மறந்து விட்டுப்போனது. அவள் அதை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நார்மன், இதுல இஞ்சே இல்லையே. ரெண்டு பக்கமும் சென்டிமீட்டர்தான் இருக்கு" என்றாள்.

ஹெட்லி, நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். கோழிக்கு விதி இருக்கிறது. ஈர வைக்கோலுக்கு இருக்கிறது. கோழி பட்டாணியைத் தின்றால் என்ன செய்வதென்று அடிக்குறிப்பு இருக்கிறது. ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்கிறது. அது அங்குலம் என்று ஒரு இடத்தில்கூட நான் எழுதவில்லை. எழுதுவானேன்? நம் கிளப்பில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமே. பெல்ஜியத்தில் பிறந்தவருக்குத் தெரியாது. அவர் பாவம், தன் பாக்கெட்டில் இருந்ததை எடுத்து அளந்திருக்கிறார்.

பெரிலுக்குப் போன் போட்டேன். "முதல் நடையிலேயே பாத்துட்டேன்," என்றாள். பிறகேன் சொல்லவில்லை என்றேன். "சோதனையில யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீதானே தலைபாடா அடிச்சுக்கிட்ட. அந்த விதி எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு, கண்காட்சிக்கு ஒரு மஞ்சள் அளவுகோல் வாங்கிவிடட்டுமா என்று கேட்டாள்.

ஆக, அவர்கள் ஆடியது நான் எழுதிய ஆட்டம் இல்லை. நீ சொன்ன ஆட்டம். துப்பாக்கியின் கையைக் குட்டையாக்கினதும் சுவர் சுவராயிற்று, பட்டாணி பட்டாணியாயிற்று, அந்தக் கார்ப்பரல் தவழ வேண்டியதாயிற்று. உன் வாக்குப்படி நீ படகேற வேண்டியதில்லை. இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு மற்றதை அனுப்பு, அண்ணன் எப்படியாவது வரட்டும் என்று மேவிஸ் சொல்கிறாள். கிழித்தால் நீ வந்து உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் ஆர்க்னி வரைக்கும் சிரித்துக்கொண்டே போவாய்.

ஒன்று மட்டும் கணக்குக்காகச் சொல்லிவைக்கிறேன். நீ பாதியாக வெட்டச் சொன்னாய். ஒரு அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர், ஆகவே பெல்ஜியர்கள் வெட்டினது பாதிக்கும் கீழே. நீயும் முழுக்கச் சரியில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருத்திவிட்டேன். 'அளவெல்லாம் சென்டிமீட்டரில்' என்பது முதல் வரி. அதற்கு மேலே 'எழுதியவர்கள்' என்று போட்டு என் பெயர், பக்கத்தில் உன் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்து. மேஜையைக் கலைக்கவில்லை, பண்ணைவீடு அப்படியே இருக்கிறது, சாப்பாடு மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். எந்த நாற்காலி வேண்டுமோ எடுத்துக்கொள். உன் சிப்பாய்களைக் கொண்டுவா மச்சான், இஞ்ச் டேப் மட்டும் வேண்டாம்.